சுழி விழுந்த விண்கலங்கள்

ஏடுகளுக்கு மட்டுமே இடம் தந்து வந்த இந்த வாசிப்புக் கூடத்தில் இன்று ஓவியங்களுக்கும் ஓரிடம் ஒதுக்கி, அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே! ஆயிரம் வண்ணங்களை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுத் தாம் மட்டும் என்றைக்கும் வெள்ளைச் சட்டையிலேயே காட்சி தரும் பெயிண்ட் கடை முதலாளி அவர்களே! புரை விழுந்த கண்களுக்குப் புதுப்பொழுது விடிய வைக்கும் கண் மருத்துவர் அம்மா அவர்களே! ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு, ஏறாத மாடிகளை எல்லாம் நாளைக்கு ஒத்திப்போட்டு வந்திருக்கும் டிஷ் மெக்கானிக் தோழர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளிலும் தூங்காத கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நேரத்தோடு வந்து நாற்காலி பிடித்த பெரியோர்களே! நேரம் கழித்து வந்து தூண் பிடித்த நண்பர்களே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில், கறுப்புக் கண்ணாடி அணிந்து, கைகளை மடியில் கோத்து, நான் என்ன உளறப்போகிறேனோ என்ற கலக்கத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் கலர் அக்கா அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அச்சகத்தின் பின்னறையில், ஒரு மேசை விளக்கின் கீழ், பிறர் எழுதியதைப் படித்துப் பிழை திருத்துகிறவன் நான். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிழை பார்த்தே பிழைத்தவன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று ஓயாமல் சொல்லியே உறவுக்காரர்களிடம் கெட்ட பெயர் எடுத்தவன். என் மனைவி எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டில் சிவப்பு மையால் மூன்று திருத்தம் போட்டுவிட்டு, அன்று மதியம் சாப்பாட்டுக்குத் திண்டாடியவன். சிரிக்கிறீர்களே அம்மா, அவர் இதோ இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். தலைப்பு என்ன? உரக்கப் படியுங்கள். "வீண்கலங்கள்!" விண்ணில் மிதக்கும் கலங்களை வரைந்த ஒருவருடைய ஓவியக் காட்சிக்கு வீண்கலங்கள் என்று பெயர் வைத்த அறிவாளி யார்? வாசலிலேயே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர், "தலைப்பே கவிதை மாதிரி இருக்கு சார்" என்று கையைக் குலுக்கினார். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கவிதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது அச்சுப்பிழை. செய்தவன் நான்.

எப்படிச் செய்தேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அக்காவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் சொல்லிடட்டுமாக்கா?" என்றேன். "சொல்லுங்க தம்பி. என்னால இன்னொரு தடவை சொல்ல முடியாது. ஆனா ரொம்ப அழகாச் சொல்லி அழ வெச்சிடாதீங்க" என்றார். ஆகவே அளவோடு சொல்கிறேன்.

கலர் அக்காவை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் புறப்பட்டவர் எவரும் அவரைத் தாண்டிப் போயிருக்க முடியாது. பெயிண்ட் கடையின் பின்பக்கம், கலர் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல். ஸ்டூலின் மேல் அக்கா. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு காரைத் துண்டைக் கொண்டுபோய், "இதே கலர் வேணும்" என்று நீட்டுங்கள். எழுந்து ஜன்னலுக்குப் போவார். பகல் வெளிச்சத்தில் இருமுறை புரட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் கறுப்பு, ஒரு சொட்டுச் சிவப்பு" என்பார். அவ்வளவுதான்! பூசிக் காய்ந்த பிறகு ஒட்டுப் போட்ட இடம் எது என்று வீட்டுக்காரரே தேட வேண்டும். நமக்கு வெள்ளை என்றால் ஒரே வெள்ளை. அக்காவோ வெள்ளையில் மட்டும் இருபது வெள்ளை சொல்வார். பால் வெள்ளை வேறு, பஞ்சு வெள்ளை வேறு, முதலாளி சட்டை வெள்ளை வேறு. முதலாளி கோபிக்கக் கூடாது, அது அக்கா சொன்னதுதான்.

அந்தக் கடையில் ஒரு மூலை உண்டு. கலந்து கொடுத்த பிறகு, "வேண்டாம்" என்று திரும்பி வந்த டின்கள் அடைக்கலம் புகும் மூலை. மணமகள் கேட்ட ரோஜா நிறம் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, டின் திரும்பியது. பள்ளிக்கூடம் கேட்ட பச்சை கிளிப்பச்சையாகிவிட்டது, டின் திரும்பியது. உப்பைப் பிரிக்கலாம், உறவைப் பிரிக்கலாம், கலந்த வண்ணத்தைப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆகவே நம் முதலாளி தடித்த கறுப்புப் பேனாவை எடுப்பார். மூடியின் மேல் பெரிதாக ஒரு சொல் எழுதுவார். "வீண்." அதன் பிறகு அந்த டின்னை யாரும் தொட மாட்டார்கள்.

அக்கா தொட்டார். "இதெல்லாம் நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். "எடுத்துட்டுப் போங்கம்மா, கால்ல இடிக்குது" என்றார் முதலாளி. அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்று அவருக்கு மேடையில் நாற்காலி.

ஐயா, இந்த ஊரில் எவரும் வேண்டாத வண்ணங்கள் எங்கே போயின என்று கேட்கிறீர்களா? விண்ணுக்குப் போயின! மாமியார் மறுத்த ரோஜா நிறம் ஒரு தொலைதூரக் கோளின் அந்திவானம் ஆயிற்று. பள்ளிக்கூடம் ஒதுக்கிய கிளிப்பச்சை இரண்டு நிலவுகளில் ஒன்று ஆயிற்று. பெட்டி செய்யும் ஒட்டுப்பலகைதான் அவருக்குத் திரை. சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்தான் அவருக்குச் சாயம். பதினொரு பலகைகள் வரைந்திருக்கிறார். நூலகக் கதவுக்கு வண்ணம் கேட்டு அக்காவின் வீட்டுக்குப் போன நம் தலைவர் அம்மையார், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. வரும்போது பார்த்திருப்பீர்கள்.

இதோ சுற்றிலும் துணி போர்த்தித் தொங்குகின்றனவே, அவைதாம் அந்தப் படங்கள். ஆணி அடித்தவன் என்ற முறையில் உங்களுக்கு முன்பே பார்த்துவிட்டேன். கொஞ்சம் சொல்லட்டுமா?

ஒரு படம். மாபெரும் விண்நிலையம். அதில் ஒரு காத்திருப்புக் கூடம். வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள், நூறு இருக்கும். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோள் எழுந்து வருகிறது. அவ்வளவு அழகு! ஒரே ஒரு நாற்காலியில் ஓர் இயந்திர மனிதன், முழங்கால்களைச் சேர்த்து வைத்து, கையில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறான். டோக்கனில் எண் நாற்பத்தேழு. எதிரே பலகையில் ஒளிரும் எண் நாற்பத்தெட்டு. கூப்பிட்டபோது அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்து என்ன செய்வதென்றும் அவனுக்குத் தெரியவில்லை. அந்த இரும்பு முகத்தில் கண்ணீர் வரையப்படவில்லை அம்மா. ஆனால் ஆணி அடித்துக்கொண்டிருந்த எனக்குச் சுத்தியலைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு படம். விண்கலத்தின் சமையலறை. எடை இல்லாத இடமாதலால் எல்லாம் மிதக்கின்றன. மஞ்சள் நிற வாளி, நீலக் கரண்டி, ஒரு துண்டு. இரண்டு தேநீர்க் கோப்பைகளும் மிதக்கின்றன. ஒன்றில் ஆவி பறக்கிறது. மற்றொன்று கவிழ்ந்திருக்கிறது, கழுவி வைத்தபடியே, பல நாளாக யாரும் எடுக்காத கோப்பை.

வண்ணம் பார்த்தால் வாணவேடிக்கை, வாசித்துப் பார்த்தால் வேதனை! கண்ணுக்குக் கொண்டாட்டம், நெஞ்சுக்குக் கனம்! இப்படி ஒரு கலவையை எந்த இயந்திரம் கலக்கும்? எந்த ஷேட் கார்டில் இதற்கு எண் இருக்கிறது?

இன்னும் ஒன்றைக் கவனித்தேன். எந்தப் படமானாலும், எங்கோ ஓர் உயரத்தில், ஒரு கோபுரத்தின் நுனியிலோ கலத்தின் முதுகிலோ, ஒரு சின்ன மனிதர் நிற்கிறார். கையில் ஒரு டிஷ். அதை வானத்தை நோக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி, ஏதோ கேட்கிறார். பதினொரு படத்திலும் அதே மனிதர், அதே கேள்வி. என்ன கேட்கிறார்? அப்போது எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் பிழைக்கே வரவில்லையே, வருகிறேன்.

படங்களை மாட்டிக் காட்சிக்கு நாள் குறித்ததும் அழைப்பிதழ் அடிக்க அக்கா அச்சகத்துக்கு வந்தார். ஒரு தாளை நீட்டினார். டின் மூடியில் ஒட்டும் லேபிள் காகிதத்தின் வெற்றிடம். அதில் அழகான கையெழுத்தில் "விண்கலங்கள் – ஓவியக் காட்சி" என்று எழுதியிருந்தார். குறில். சரியான சொல். குற்றமில்லாத சொல். ஆனால் தலைப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில், தடித்த கறுப்பு மையில் அடிக்கோடிட்டு ஒரு திருத்தம் இருந்தது. "வீண்."

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் ஓரத்தில் போட்ட திருத்தத்தைப் பிழை பார்ப்பவன் மதிக்க வேண்டும். அவர் நினைத்தது அவருக்குத்தான் தெரியும். நான் என்ன செய்தேன்? "ஆகா, அக்கா யோசித்து மாற்றியிருக்கிறார்" என்று எண்ணினேன். எழுத்துக் கோத்தவர், "சார், விண்கலம்தானே சரி?" என்று கேட்டார். "உமக்கு நவீன ஓவியம் புரியாது" என்று அவர் வாயை அடைத்தேன். குறிலுக்கு ஒரு சுழி போட்டு நெடிலாக்கினேன். முந்நூறு பிரதிகள் அடித்தாயிற்று.

அந்தத் திருத்தத்தைப் போட்டவர் யார்? இதோ, மேடையில் எனக்கு வலப்பக்கம், வெள்ளைச் சட்டையில், குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்! அந்த லேபிள் ஒரு வீணான டின்னின் மூடியிலிருந்து கழன்றது. அவர் டின்னுக்கு எழுதினார், நான் தலைப்புக்கு எடுத்துக்கொண்டேன். பிழையைத் திருத்தியவர் உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. பிழையில்லாத சொல்லைப் பணிவோடு பிழையாக்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கைதட்ட வேண்டாம், இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

மறுநாள் முற்பகல் அக்கா வந்தார். அதற்குள் அந்தக் கறுப்பு மை முதலாளியின் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைப் பிரித்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அக்கா அழைப்பிதழைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் போனார். இருமுறை புரட்டினார்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றார்.

"அக்கா, தலைப்பைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. விண்கலங்கள். அழகா இருக்கு. அதைவிட இந்த இளமஞ்சள் அட்டை எடுத்தீங்க பாருங்க, அதுதான் கண்ணுக்கு இதமா இருக்கு."

எனக்குத் தலைப்பு மறந்தது, சுழி மறந்தது. ஏன் என்றால், அம்மா, ஐயா, உங்கள் கையில் இருக்கும் அட்டையைப் பாருங்கள். அது என்ன நிறம்?

வெள்ளை. தூய வெள்ளை. அச்சகத்தில் இருப்பதிலேயே வெண்மையான அட்டை அதுதான்.

"அக்கா," என்றேன், "இது மஞ்சள் இல்லக்கா. வெள்ளை."

சிரித்தார். "எங்கிட்டயேவா? இருபது வெள்ளை சொல்றவகிட்டயேவா?" என்றார். என் மேசையில் இருந்த சாதாரணத் தாளை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். அதுவும் மஞ்சளாகத் தெரிந்திருக்க வேண்டும். என் சட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதான் டின்னெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சா?" என்றார். "ரெண்டு வருஷமா சாம்பிள் பார்க்கற வேலையைக் குறைச்சு மெஷின்ல கலர் நம்பர் மட்டும் போடச் சொன்னாரு முதலாளி. வயசாச்சுன்னு நினைச்சாரோன்னு எனக்குக் கோபம். இதானா?"

ஆமாம், இதுதான். முதலாளி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல மனம் வராமல், திரும்பி வந்த டின்கள் மேல் எல்லாம் "வீண்" என்று எழுதி மூலையில் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா! தலையாட்டுகிறார், போகட்டும். நானும் அந்த லட்சணம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மருத்துவர் அம்மாவிடம் அழைத்துப் போனோம். "கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் பழைய காகிதம் மாதிரி பழுப்பேறிடுச்சும்மா. வெள்ளை மஞ்சளாத் தெரியும். நீலம் சாம்பலாத் தெரியும். மெதுவா மெதுவா வந்ததால உங்களுக்கே தெரியலை. சின்ன ஆபரேஷன்தான், பளிச்சுனு ஆயிடும்" என்றார். யாராயிருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். அக்கா, "ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

வராந்தாவில் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா?"

"நீலம் சாம்பலாத் தெரியும்னு சொன்னாங்களே, கேட்டீங்களா தம்பி? அப்ப என் படத்துல இருக்கற நீலமெல்லாம் என்ன நீலம்?"

"எதுவா இருந்தா என்னக்கா? விண்வெளிதானே, யாரு போய்ப் பார்த்தாங்க?"

"வானம் எப்படி இருந்தா எனக்கென்ன? அவரு சட்டை நீலம் தம்பி."

அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த உயரத்துச் சின்ன மனிதர் யார் என்று.

டிஷ் மெக்கானிக் தோழர்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். உங்களோடு ஏணி சுமந்தவர். அக்காவின் கணவர், நம் மாமா. அக்காவின் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்ததே டிஷ் மாட்டத்தான். அவர் மொட்டை மாடியில், வீட்டின் மகள் கீழே டிவி முன்னால். மேலிருந்து அவர் கேட்பார்: "படம் வருதா?" கீழிருந்து இவர் கத்த வேண்டும். உலகத்தில் உயர்ந்த காதல் வசனம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். படம் வருதா?

படம் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் அக்கா என்ன சொன்னார் தெரியுமா? சொல்லிவிடவா அக்கா? தலையசைத்துவிட்டார். "வருதுங்க, ஆனா கலர் மாறி வருது! இன்னும் கொஞ்சம் நில்லுங்க!" ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் அவரை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்! கல்யாணம் ஆன பிறகு மாமா சொன்னாராம்: "டிஷ்ல படம் வந்தா முழுசா வரும், இல்லன்னா வரவே வராது. கலர் மட்டும் மாறியெல்லாம் வராது. நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இருந்தும் நின்னேன்." பார்த்தீர்களா? இவர் பொய் சொன்னார், அவர் பொய்யென்று தெரிந்தே நின்றார். ஓர் இல்லறத்துக்கு இதைவிடத் திடமான அஸ்திவாரம் வேண்டுமா?

மாமா எப்போதும் ஒன்று சொல்வாராம். "சிக்னல் வானத்துல அவ்வளவு உயரத்துல இருந்து வருது, அதுக்கு மூச்சு வாங்கலை. மூணு மாடி ஏறினா எனக்கு வாங்குது." கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நீல வேலைச்சட்டையோடு போய்விட்டார்.

அடுத்த ஆண்டு அக்கா முதல் பலகையில் வண்ணம் வைத்தார். ஒருமுறை நான் கேட்டேன், "ஏன்க்கா எல்லாமே வேற கோள்லயே வரையறீங்க? பூமியில இடமா இல்ல?" அக்கா சொன்ன பதிலை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "பூமியிலதான் தேடிப் பார்த்துட்டேனே தம்பி."

அன்பானவர்களே, படங்களைப் பார்த்தபோது ஏன் என் நெஞ்சு கனத்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. பெரிய படத்தில், மூன்று சூரியன்களுக்கு நடுவே நின்று அவர் கேட்கிறார், "படம் வருதா?" பதில் சொல்ல வேண்டியவர் படத்துக்குள் இல்லை. படத்துக்கு வெளியே, நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார். நம்மைப் பார்த்து ஒருவர் கேட்கிறார், நமக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தவிப்பைப் பலகையில் தீட்டிக் காட்ட ஒருவரால் முடியுமானால், அவர் எந்தக் கலைக்கூடத்தில் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? அவர் கலைஞர்! கலப்படமில்லாத கலைஞர்! எங்கள் ஊர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏழு கோள்களை ஆண்ட கலைஞர்!

இப்போது தட்டலாம்.

ஆனால் அக்காவின் பயத்தைக் கேளுங்கள். "துவைச்சுத் துவைச்சு அந்தச் சட்டை வெளுத்துப்போச்சு தம்பி. அது என்ன நீலம்னு இப்ப என் ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அதையே தப்பாப் போட்டிருந்தா, அஞ்சு வருஷமா நான் வேற யாரையோ வரைஞ்சிருக்கேன்னு ஆயிடாதா?"

மூன்று வாரம் மன்றாடிய பிறகு ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. சுவரில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் துணி போர்த்தி மூடச் சொன்னார். "ரெண்டு கண்ணும் தெளிஞ்சப்புறம், பகல் வெளிச்சத்துல, எல்லார் முன்னாடியும் பார்க்கறேன். சட்டை அவரு சட்டையா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா அங்கயே வெள்ளை அடிச்சிடுவேன். யாரும் தடுக்கக் கூடாது" என்றார். அதனால்தான் அழைப்பிதழில் நாளையும் நேரத்தையும் கையால் திருத்தி இந்த விழாவைக் காலை பத்து மணிக்கு வைத்தோம்; தலைப்பைத் திருத்தத்தான் மறந்துபோனேன். அதனால்தான் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. அக்காவின் நாற்காலிக்கு அடியில் ஒரு டின் இருக்கிறதே, பரிசுப் பொருள் என்று நினைத்தீர்களா? அது வெள்ளை பெயிண்ட். மேலே நான்கு அங்குல பிரஷ்.

தூண் பிடித்த நண்பர்களே, எட்டிப் பார்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அக்கா, இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. உங்கள் முன்னால், ஊர் முன்னால் இப்போது சொல்கிறேன். ஆணி அடிக்கும்போது நான் பார்த்தேன். அந்தச் சட்டை நீலமில்லை அக்கா. பழைய படங்களில் நீலமாகத்தான் இருக்கிறது. போகப் போகக் கண் மங்க மங்க, நீலம் உங்களுக்குச் சாம்பலாகத் தெரிய, இன்னும் இன்னும் என்று ஊதாவை ஊற்றியிருக்கிறீர்கள். கடைசிப் பெரிய படத்தில் அது பளிச்சென்ற கத்தரிப்பூ ஊதா. மாமா உயிரோடு இருந்தால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க வெட்கப்பட்டிருப்பார். பிழை பார்த்தே பிழைத்தவன், வாழ்நாளில் பார்த்த பெரிய பிழையைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன். முதலாளியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சொல்லியிருந்தால் நீங்கள் ஆபரேஷனுக்கு வந்திருக்க மாட்டீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தலைவரிடமிருந்து துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "பேச்சை முடித்துத் திரையை விலக்கலாம்." ஒற்றுப்பிழை ஏதும் இல்லை. ஆகவே கீழ்ப்படிகிறேன்.

மருத்துவர் அம்மா தலையசைக்கிறார். நூலகர் அம்மையார் பெரிய படத்தின் துணியைப் பிடித்திருக்கிறார். அக்கா, கண்ணாடியைக் கழற்றுங்கள். அவசரமில்லை. மெதுவாக.

இதோ, துணி விழுந்துவிட்டது.

தாய்மார்களே, பெரியோர்களே, நான் சொன்னது பொய்யா? அந்த ரோஜா நிற வானத்தைப் பாருங்கள்! அந்த மூன்று சூரியன்களைப் பாருங்கள்! அந்தக் கோபுரத்தின் உச்சியில், டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, நம் பக்கம் திரும்பி நிற்கும் அந்த மனிதரைப் பாருங்கள்! பின்வரிசையில் உட்காருங்கள் ஐயா, அக்காவுக்கு வழி விடுங்கள். அக்கா எழுந்துவிட்டார். டின்னைக் கையில் எடுக்கிறார். பிரஷ்ஷையும் எடுக்கிறார். யாரும் தடுக்க வேண்டாம், அது வாக்கு.

படத்தின் முன்னால் நிற்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். காரைத் துண்டைப் பார்த்த அதே பார்வை.

நானும் இங்கே கொஞ்சம் உயரத்தில்தான் நிற்கிறேன், அக்கா. ஆகவே அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

அக்கா! படம் வருதா?

…

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அக்கா சொன்னதை ஓர் எழுத்தும் திருத்தாமல் சொல்கிறேன். "வருது. கலர் மாறித்தான் வருது. இன்னும் கொஞ்சம் நில்லுங்க."

நிற்கச் சொன்னது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் இறங்குகிறேன்.

இறங்குமுன் ஒரே ஒரு வேலை. முதலாளி அவர்களே, உங்கள் தடித்த பேனா சட்டைப் பையில்தானே இருக்கிறது? கீழே போங்கள். அக்கா தரையில் வைத்துவிட்டாரே, அந்த வெள்ளை டின், அதன் மூடியில் எழுதுங்கள். வீண். நெடில். சுழியோடு. இந்த முறை பிழையில்லை.

கேட்ட செவிகளுக்கும், கலங்கிய கண்களுக்கும், தெளிந்த கண்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.